மலைப் பாதையில் வளைவுகளை விட்டுக் குறுக்கே இறங்கக் கூடாது என்கிறார்களே, ஏன்?

முக்கியக் காரணம் தண்ணீர். பாதையை வளைத்து வளைத்துப் போடுவது ஏறுகிறவருக்கு மூச்சு வாங்காமல் இருக்க மட்டுமில்லை. சரிவு குறைந்தால் மழைநீரின் வேகமும் குறையும். தொடர்ந்து ஆட்கள் குறுக்கே இறங்கினால் புல் மிதிபட்டுச் சாகும், மண் இறுகும். இறுகிய மண்ணுக்குள் தண்ணீர் சரியாக இறங்காது. அடுத்தடுத்த மழைகளில் அந்தத் தடமே வாய்க்காலாகி, வேரும் கல்லும் வெளியே தெரியும். அப்புறம் அதிலும் நடக்க முடியாமல் பக்கத்தில் இன்னொரு தடம் விழும்.

பாதைப் பராமரிப்பில் பெரும்பகுதி வடிகால் வேலைதான். பள்ளத்துப் பக்க ஓரத்தை லேசாகத் தாழ்த்தி வைப்பார்கள். சரிவு கூடிய இடங்களில் கல்லையோ கட்டையையோ பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதித்து நீரை வெளியே திருப்புவார்கள். அதன் பின்னால் சேரும் வண்டலையும் சருகையும் அவ்வப்போது அள்ள வேண்டும். இல்லாவிட்டால் நீர் கட்டையைத் தாண்டிப் பாதையிலேயே ஓடும்.

குறுக்குத் தடத்தை மூட வெறும் அறிவிப்புப் பலகை போதாது என்பது என் எண்ணம். காய்ந்த கிளைகளைப் பரப்பித் தடமே கண்ணில் படாமல் செய்தால் பெரும்பாலானோர் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

சரி, பாதையே சேறாக இருந்தால்? ஓரமாக ஒதுங்காமல் சேற்றிலேயே நடங்கள். ஓரம் மிதிபட்டால் பாதை அகன்றுகொண்டே போகும்.