பவர் உள்ளவர்கள் சைக்கிள் ஓட்ட எந்தக் கூலிங் கிளாஸ் வாங்குவது?

கேள்வி: எனக்கு 47 வயது. வலது கண் மைனஸ் 3.00, இடது கண் மைனஸ் 4.50. இரண்டிலும் லேசாக சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசையில் மட்டும் வேறுபடும் பவர் உண்டு. படிக்க பிளஸ் 1.50. வாரக் கடைசியில் கீழ்நோக்கி வளைந்த டிராப் ஹேண்டில்பார் வைத்த சைக்கிளில் மூன்று நான்கு மணி நேரம் ஓட்டுகிறேன். விடிவதற்கு முன் கிளம்பி, வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவேன். இப்போது வீட்டில் போடும், தூரத்துக்கும் படிக்கவும் ஒரே லென்ஸில் பவர் உள்ள ப்ரோக்ரெசிவ் கண்ணாடியைத்தான் அதற்கும் போடுகிறேன். வியர்வையில் வழுக்குகிறது, பக்கவாட்டில் காற்று புகுந்து கண்ணீர் வடிகிறது, வீடு திரும்பினால் புருவத்துக்கு மேல் வலிக்கிறது. பவர் வைத்த ஸ்போர்ட்ஸ் கூலிங் கிளாஸ் வாங்கலாமா, உள்ளே தனியாக பவர் லென்ஸ் மாட்டும் வகை நல்லதா, அல்லது காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு சாதாரண கூலிங் கிளாஸ் போடலாமா? போலரைஸ்டு அவசியமா?

பதில்: பெரும்பாலானவர்கள் லென்ஸின் நிறத்தில் ஆரம்பித்து, அப்புறம் பிராண்ட், கடைசியில் பவர் என்று போகிறார்கள். நேர்மாறாகப் போங்கள். முதலில் உங்கள் பவர், அடுத்து சைக்கிளில் உங்கள் தலை எப்படி இருக்கிறது என்பது, அதற்குப் பிறகு ஃபிரேமின் வளைவு. நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

தலையைப் பற்றி ஏன் கேட்கிறேன் என்றால், கடையில் நாம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் கண்ணாடி போட்டுப் பார்க்கிறோம். அளவு எடுப்பவரும் அந்த நிலையில்தான் கண்மணிக்கு நேராக லென்ஸில் புள்ளி வைக்கிறார். சைக்கிளில் நீங்கள் அப்படி உட்காருவதில்லை. முதுகு குனிந்து, முகம் பாதி தரையைப் பார்க்க, கண்கள் மட்டும் மேலே உருண்டு சாலையைப் பார்க்கின்றன. அதாவது லென்ஸின் மையத்தை விட்டுவிட்டு, மேல் விளிம்பை ஒட்டிய பகுதி வழியாகத்தான் மணிக்கணக்கில் பார்க்கிறீர்கள். மையத்தை விட்டு விலகிப் பார்க்கும்போது பவர் லென்ஸ் ஒரு பட்டகம் (ப்ரிஸம்) போல வேலை செய்து பிம்பத்தை இடம் மாற்றும். எவ்வளவு மாறும் என்பது எளிய கணக்குதான்: விலகிய தூரத்தை சென்டிமீட்டரில் எடுத்து பவரால் பெருக்க வேண்டும். மையத்துக்கு 8 மில்லிமீட்டர் மேலே பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் வலது கண்ணில் 2.4, இடது கண்ணில் 3.6 ப்ரிஸம் வரும். இரண்டு கண்ணிலும் ஒரே அளவு வந்தால் பெரிய தொந்தரவு இல்லை. உங்களுக்கு 1.2 வித்தியாசம் இருக்கிறது. ஒரு கண்ணின் பிம்பம் மற்றதைவிட ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக மேலோ கீழோ தள்ளித் தெரியும், அதைச் சேர்த்து ஒன்றாகக் காட்ட கண் தசைகள் பாடுபடும். உங்கள் புருவ வலிக்கு இது ஒரு காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கண் உலர்வது, கழுத்து இறுக்கம் ஆகியவையும் இதே மாதிரி வலி தரும் என்பதால் ஒரு முறை கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு முந்தைய சீட்டை வைத்துப் புதுக் கண்ணாடி செய்யச் சொல்ல வேண்டாம்.

இதற்குத் தீர்வு எளிது, கேட்டு வாங்கத்தான் தெரிய வேண்டும். கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டை எடுத்துப் போங்கள். ஃபிரேமைப் போட்டு, ஹெல்மெட்டை மாட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றி சைக்கிளில் இருப்பது போலவே குனியுங்கள். கடைக்காரரை ஐந்தாறு மீட்டர் தள்ளி, உங்கள் முகம் இருக்கும் உயரத்துக்கு உட்காரச் சொல்லி அவர் முகத்தைப் பாருங்கள். மேல் விளிம்பு பார்வையைக் குறுக்கே வெட்டினால் அந்த ஃபிரேம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வெட்டவில்லை என்றால், அதே நிலையில் கண்மணி எங்கே வருகிறது என்று ஃபிரேமோடு வரும் டெமோ லென்ஸின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லென்ஸின் மையத்தை மேல் புள்ளியை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். சைக்கிளுக்கு மட்டுமே போடப்போகும் கண்ணாடி என்று சொல்லிவிட்டால் நல்ல கடைக்காரர் தயங்க மாட்டார். மேல் விளிம்பில் ஃபிரேமே இல்லாத, கீழே மட்டும் கம்பி உள்ள அல்லது முழுக்க விளிம்பற்ற வடிவங்கள் இதற்குத் தோதானவை.

அடுத்தது வளைவு. வீட்டுக் கண்ணாடியின் லென்ஸ் பெரும்பாலும் 4 பேஸ் வளைவில் இருக்கும் (பேஸ் என்பது லென்ஸின் முன்பக்க வளைவைக் குறிக்கும் எண், எண் கூடினால் வளைவு கூடும்). முகத்தைச் சுற்றி வளைந்து வரும் ஸ்போர்ட்ஸ் கண்ணாடிகள் 6 முதல் 8 பேஸ் வரை போகும். வளைவு அதிகமாக இருந்தால் காற்றும் தூசியும் வராது, ஓரப் பார்வை விரியும், எல்லாம் சரி. ஆனால் மைனஸ் பவருக்கு லென்ஸின் ஓரம் தடிக்கும். மேலும், முகத்தின் வளைவுக்கு ஏற்ப லென்ஸ் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும்போது அதன் பவரே மாறும். மைனஸ் 4.50 லென்ஸை 20 டிகிரி சாய்த்து வைத்தால் சிலிண்டர் அரை டயாப்டருக்கு (பவரின் அலகு) மேல் தானாகவே கூடிவிடும், மைனஸ் பவரும் கொஞ்சம் ஏறும். சீட்டில் உள்ள எண்ணை அப்படியே வளைந்த ஃபிரேமில் போட்டுக் கொடுத்தால் தரை வளைந்து தெரிவது, தலை சுற்றுவது எல்லாம் இதனால்தான். இந்த மாற்றத்தை முன்கூட்டியே கணக்கிட்டு பவரைத் திருத்திச் செய்யும் ஃப்ரீஃபார்ம் லென்ஸ்கள் கிடைக்கின்றன. அதற்கு ஃபிரேமின் வளைவுக் கோணம், முன்சாய்வு, கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே உள்ள தூரம் மூன்றையும் உங்கள் முகத்தில் அளக்க வேண்டும். அளக்காமலே செய்து தருகிறேன் என்று சொல்லும் கடையில் வளைந்த ஃபிரேம் வாங்காதீர்கள். திருத்திச் செய்த லென்ஸின் உறையில் உங்கள் சீட்டிலிருந்து சற்றே மாறுபட்ட எண் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும்.

உங்கள் பவருக்கு என் தேர்வு 6 பேஸ் அளவில் மிதமாக வளைந்த, அகலம் குறைவான ஃபிரேமில் நேரடியாக பவர் லென்ஸ். 8 பேஸ் வேண்டாம். லென்ஸ் பாலிகார்பனேட்டாகவோ டிரைவெக்ஸாகவோ இருக்கட்டும், இரண்டும் சுலபத்தில் நொறுங்காத பிளாஸ்டிக் வகைகள். டிரைவெக்ஸ் எடை குறைவு, ஓரத்தில் நிறம் பிரிந்து தெரிவதும் குறைவு. பாலிகார்பனேட் சற்று மெலிதாக வரும். 1.67, 1.74 என்று ஒளிவிலகல் எண் கூடிய மெல்லிய லென்ஸ்களைக் கடைக்காரர் பரிந்துரைக்கலாம். அவை அடி தாங்குவதில் இந்த இரண்டுக்கும் ஈடாகாது. முன்னால் போகும் சக்கரம் தெறிக்கவிடும் கல்லுக்கும், கீழே விழும் ஒரு நொடிக்கும் நான் மெலிவைவிடத் திடத்தைத்தான் பார்ப்பேன்.

உள்ளே பவர் லென்ஸ் மாட்டும் வகை, அதாவது வெளியே ஒரு பெரிய கூலிங் லென்ஸ், அதன் பின்னால் சின்ன ஃபிரேமில் உங்கள் பவர் என்பது, மைனஸ் 6-ஐத் தாண்டியவர்களுக்கும் பவர் அடிக்கடி மாறுபவர்களுக்கும் நல்ல வழி. வெளி லென்ஸை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். குறை என்னவென்றால் துடைக்க வேண்டிய பரப்புகள் இரட்டிப்பு. ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது நடுவில் ஆவி படியும். இமை முடி உள் லென்ஸில் உரசி எண்ணெய்த் தடம் விழும். இதை எடுத்தால் இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். கண்ணுக்கு மிக அருகில் இருப்பது உள் லென்ஸ் என்பதால் அதுவும் பாலிகார்பனேட்டாகவே இருக்க வேண்டும். வெயிலில் கருக்கும் ஃபோட்டோக்ரோமிக் வேண்டுமென்றால் அதை வெளி லென்ஸில் கேளுங்கள். உள்ளே போட்டால், வெளி லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுவதால் அது கருக்கவே கருக்காது.

காண்டாக்ட் லென்ஸ் ஓட்டத்துக்கு அருமையானது, ஓரப் பார்வை முழுதாகக் கிடைக்கும், எந்தக் கூலிங் கிளாஸையும் மாட்டலாம். ஆனால் 47 வயதில் ஒரு சிக்கல் உண்டு. கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியிலிருந்து காண்டாக்ட் லென்ஸுக்கு மாறும்போது அருகில் பார்க்க கண் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். ஹேண்டில்பாரில் உள்ள, வேகமும் தூரமும் காட்டும் மீட்டர் இன்னும் மங்கலாகும். ஏற்கெனவே காற்றில் கண்ணீர் வடிகிறது என்கிறீர்கள், அது பல நேரம் உலர்ந்த கண்ணின் அடையாளம். விருப்பமிருந்தால் மருத்துவரிடம் கேட்டு, தினமும் கழற்றி எறியும் வகையில் முயன்று பாருங்கள். வழியில் லென்ஸில் தூசி விழுந்தால் பாட்டில் தண்ணீரில் அலசிப் போடவே கூடாது. தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்ற கிருமி கருவிழியைப் பார்வை போகும் அளவுக்குக் கெடுக்கக்கூடியது.

படிக்கும் பவரை என்ன செய்வது? சைக்கிளுக்கு ப்ரோக்ரெசிவ் வேண்டாம் என்பது என் கருத்து. அந்த லென்ஸில் கீழ்ப் பக்கவாட்டில் எப்போதும் கொஞ்சம் நெளிவு இருக்கும். முன்சக்கரத்தின் ஓரத்தில் பள்ளம் வருவதையும், தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் வண்டி வருவதையும் அதே ஓரங்கள் வழியாகத்தான் பார்க்கிறீர்கள். வளைந்த ஃபிரேமில் இந்த நெளிவு இன்னும் கூடும். தூரப் பவர் மட்டும் போடுங்கள். மீட்டர் உங்கள் கண்ணிலிருந்து அரை மீட்டருக்கு மேல் தள்ளித்தான் இருக்கும், எழுத்தைப் பெரிதாக்கி ஒரு திரையில் இரண்டு மூன்று எண்கள் மட்டும் வைத்துக்கொண்டால் தெரியும். பஞ்சர் ஆகி டியூபைப் பார்க்க வேண்டுமா, போனில் வரைபடம் பார்க்க வேண்டுமா, கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். மைனஸ் 3.00 உள்ள உங்கள் வலது கண்ணுக்கு சுமார் 33 சென்டிமீட்டர் தூரத்தில் எழுத்து வெறுங்கண்ணிலேயே தெரியும். ஓட்டும்போதே வரைபடம் படித்தாக வேண்டியவர்கள் மட்டும், கீழ் விளிம்பை ஒட்டிச் சின்னதாக பைஃபோகல், அதாவது படிக்கும் பவர் துண்டு வைத்துக்கொள்ளலாம்.

இனி நிறம். கருமைக்கும் புற ஊதாக் கதிர்ப் பாதுகாப்புக்கும் தொடர்பே இல்லை. கதிரைத் தடுக்காத கருப்பு லென்ஸ் போட்டால் கண்மணி விரிந்து, கதிர் கூடுதலாக உள்ளே போகும். யுவி 400 என்று இருக்கிறதா என்று பாருங்கள். கருமை எவ்வளவு என்பதை 0 முதல் 4 வரை வகை எண்ணாகக் குறிப்பிட்டிருப்பார்கள். நல்ல வெயிலுக்கு வகை 3 போதும், அது 8 முதல் 18 சதவீத ஒளியை உள்ளே விடும். வகை 4 சாலைக்கே ஆகாது. ஒளியை 75 சதவீதத்துக்கும் குறைவாக விடும் எந்த லென்ஸும் இருட்டில் போடக் கூடாதது, நீங்கள் விடிவதற்கு முன் கிளம்புகிறவர் என்பதால் இதைக் கவனியுங்கள். மஞ்சள் லென்ஸ் இரவில் தெளிவு தரும் என்பார்கள், நம்பாதீர்கள்.

ஆகவே உங்களுக்கு ஏற்றது ஃபோட்டோக்ரோமிக். தெளிந்த நிலையில் 80 சதவீதத்துக்கு மேல் ஒளி விடுவதாக, கருத்தால் வகை 3 வரை போவதாகக் கேட்டு வாங்குங்கள். அது கருப்பது வேகம், தெளிவது மெதுவாக, சில நிமிடங்கள் ஆகும். சுரங்கப் பாதைக்குள் வெயிலிலிருந்து நேராக நுழைந்தால் கண் தடுமாறும், அங்கே வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். கடும் வெப்பத்தில் முழுதாகக் கருக்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். சாம்பலா பழுப்பா என்பது உங்கள் ரசனை. சாம்பல் நிறங்களை மாற்றாது, பழுப்பில் சாலையின் மேடு பள்ளம் சற்று எடுப்பாகத் தெரியும்.

போலரைஸ்டு அவசியமில்லை. தண்ணீர்ப் பரப்பின் பளபளப்பை அது அடக்கிவிடும், காரில் அது வரம். இரண்டு சக்கரத்தில் போகிறவருக்கு ஈரமான திட்டும் எண்ணெய்த் திட்டும் பளபளப்பதுதான் எச்சரிக்கையே. மீட்டர் திரையும் சில கோணங்களில் கருப்பாகிவிடும். அந்தப் பணத்தை லென்ஸின் உட்புறத்தில் ஆன்டி ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங்குக்குப் போடுங்கள். முதுகுப் பக்கம் வெயில் இருக்கும்போது உங்கள் கண்ணே லென்ஸில் பிரதிபலித்துத் தொந்தரவு செய்வது குறையும்.

வழுக்குவதற்கு மருந்து நோஸ் பேட்தான். வளைத்துச் சரிசெய்யக்கூடிய ரப்பர் பேட் இருக்கட்டும். குனிந்து தலையை இரண்டு முறை உதறிப் பாருங்கள், நகரக் கூடாது. கண்ணை அகல விரித்து இமைத்தால் இமை முடி லென்ஸில் படக் கூடாது. காதுக் கம்பி ஹெல்மெட்டின் பின்பக்கப் பட்டையில் இடித்தால், குனிந்து நிமிரும்போதெல்லாம் கண்ணாடி முன்னால் தள்ளப்படும், நேரான மெல்லிய கம்பி இடிக்காது. ஹெல்மெட் வாரை முதலில் மாட்டிவிட்டு அதன் மேல் கம்பி வருவது போல் போடுங்கள்.

வியர்வை உப்போடு துணியால் துடைத்தால் கோட்டிங் கீறிப் போகும். முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டு மென்மையான சோப்பு போட்டு விரலால் தேய்த்துக் கழுவிய பிறகே துடையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டு வராதீர்கள்.

புதுக் கண்ணாடியோடு முதல் நாள் பழக்கமான, வண்டி குறைந்த சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். செங்குத்தான இறக்கமும் கூட்டமாக ஓட்டுவதும் அன்றைக்கு வேண்டாம். தரை கொஞ்சம் பக்கத்தில் வந்தது போலவோ வளைந்தது போலவோ இருக்கலாம், சில நாளில் பழகிவிடும். இரண்டு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால் சகித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். லென்ஸில் மையம் எங்கே விழுந்திருக்கிறது, திருத்திய பவரில்தான் செய்தார்களா என்று கடையிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள்.