மிஸியிடம் கேளுங்கள்: அம்மாவின் பழைய கிளினிக் கொப்பிகள்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. சீனி, பிரஷர் இரண்டுக்கும் கனகாலமாகக் கிளினிக் போகிறார். இப்போது சோறு ஆக்கியதை மறந்து திரும்பவும் உலை வைக்கிறார். காப்பை யாரோ எடுத்துவிட்டதாகச் சண்டை பிடிக்கிறார். எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டார். அப்பா மோசம்போனதிலிருந்து என்கிறார் அண்ணா. இந்த வருஷம்தான் என்கிறேன் நான். பழைய கிளினிக் கொப்பிகள் ஒரு சொப்பிங் பையில் கிடக்கின்றன. பிரயோசனம் உண்டா, எறிந்துவிடலாமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: எறிந்துவிடாதீர்கள் தங்கச்சி. நம்மூரில் கிளினிக் கொப்பி நோயாளியின் கையில்தான் இருக்கும். டொக்டர்மார் மாறிப் போவார்கள், கொப்பி மாறாது. அம்மாவின் கதை முழுவதும் அந்தப் பையில்தான் இருக்கிறது.

திகதிப்படி அடுக்குங்கள். வார்டில் நேர்ஸாக இருந்த காலத்தில் நான் முதலில் பார்ப்பது பக்க ஓரத்தில் குறித்திருக்கும் நிறையைத்தான். மறதி வருத்தம் பிடிபடுவதற்குச் சில வருஷம் முன்னமே பலருக்கு நிறை இறங்கத் தொடங்கிவிடும். அடுத்தது வந்த திகதிகள். ஒரு கிளினிக்கும் தவறவிடாதவர் எப்போது தவறவிடத் தொடங்கினார்? நேராக இருந்த சீனி எந்த மாதம் தாறுமாறாகியது? குளிசையை மறந்தால் ஏறும், இரண்டு தரம் குடித்தால் இறங்கும். இறங்கின சீனியே ஆளைத் தடுமாற வைக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம், எழுத்தில் இல்லாததை நீங்கள் இரண்டு பேரும் நிரப்ப வேண்டும். "எப்போதிருந்து" என்று யோசித்தால் சண்டைதான் வரும். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோமே, அப்போது அம்மா தனியே சந்தைக்குப் போய் மிச்சக்காசு சரியாகக் கொண்டுவந்தாரா? வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்கில் நேர்த்திக்கடனை எந்த வருஷம் வரை தானே செய்தார்? இப்படிக் கேட்டால் அண்ணாவுக்கும் ஞாபகம் வரும். "மறதி கூடிவிட்டது" என்று எழுதாமல், காப்பைக் களவெடுத்தார்கள் என்று சொன்ன நாளை அப்படியே எழுதுங்கள்.

இவ்வளவும் எதற்கென்றால், வருத்தம் கூடிக்கொண்டு போகும் விதம்தான் அது என்ன வருத்தம் என்று காட்டும். அல்சைமர் என்ற மறதி வருத்தம் ஆளை மெல்ல மெல்ல, வருஷக்கணக்கில் கீழே கொண்டுபோகும். மூளை இரத்தக்குழாய் அடைபட்டு வருவது படி இறங்குவதுபோல: கொஞ்சக்காலம் அப்படியே நின்று சட்டென்று ஒரு படி கீழே. சீனியும் பிரஷரும் உள்ளவர்களுக்கு இந்த இரண்டாவதையும் நினைக்க வேண்டும். முன்பு கை கால் இழுத்து வார்டில் இருந்திருந்தால் அந்த டயக்னோசிஸ் கார்டைத் தேடி எடுங்கள். ஞாபகசக்தியைப் பார்க்க 30 புள்ளிக்குக் கேள்வி கேட்கும் சோதனை செய்திருந்தால் புள்ளியோடு திகதியையும் குறியுங்கள். ஒரு புள்ளியை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. படிப்பு, காது, கண்ணாடி எல்லாம் அதில் கலந்திருக்கும். ஆறு மாதம் கழித்து வரும் இரண்டாவது புள்ளிதான் பேசும்.

அந்த வருத்தத்துக்குப் பெயர் வரக் காரணமான அல்சைமர் என்ற டொக்டர் 1901இல் ஜெர்மனியின் பிராங்பேர்ட்டில் 51 வயதுப் பெண் ஒருவரைப் பார்த்துக் கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் எழுதி வைத்தார். அந்தக் கோப்பு 1995இல் திரும்பக் கிடைத்தபோது, அந்தப் பெண்ணின் நிலையை டொக்டர்மார் மறுபடி வாசிக்க முடிந்தது. எழுதி வைத்ததன் பலன் அது.

மருந்துப் பட்டியலையும் பாருங்கள். சீனிக்குத் தரும் மெட்ஃபோர்மின் கனகாலம் குடிப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் தைரொயிட் குறைவும் மறதி தரும், இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. தடிமலுக்குக் குடிக்கும் பிரிட்டோன், நரம்பு நோவுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவையும் வயதானவர்களைக் குழப்பும். நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு மூன்று நாளுக்குள் அம்மா ஆளே மாறி, தூங்கி வழிந்து, பிதற்றத் தொடங்கினால் "வயசுக்கு அறளை பெயர்ந்திட்டு" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். சலத்தில் கிருமி, நியூமோனியா, இரத்தத்தில் உப்புக் குறைவு, புதுக் குளிசை என்று ஏதாவது இருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இப்படிப் பிந்தி வந்தவர்களைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன்.

மாரிமழைக்கு முன் கொப்பிகளின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடியுங்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் திகதியோடு எழுதி அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கொடுங்கள். சனம் நிறைந்த கிளினிக்கில் மூன்று கொப்பியைப் புரட்ட அவருக்கு நேரம் கிடைக்காது, ஒரு தாளை வாசிப்பார்.