கையில் ஊசி குத்திவிட்டது, நோயாளிக்கு என்ன நோயென்று தெரியாது: என்ன செய்வது?

கேள்வி: ஒரு சிறிய தனியார் நர்சிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வயது 24. நேற்று இரவு 11 மணிக்கு ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு, ஊசிக்கு மூடி போடும்போது இடது ஆள்காட்டி விரலில் குத்திவிட்டது. கையுறை போட்டிருந்தும் ரத்தம் வந்தது. விரலைப் பிதுக்கிவிட்டு ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன். அவருக்கு எச்ஐவி இருக்கிறதா என்று தெரியாது, டெஸ்ட் எதுவும் எழுதவில்லை. இன்சார்ஜ் அக்காவிடம் சொன்னேன். "சின்னக் குத்துதானே, வெளியே சொல்லாதே, உன் பேர்தான் கெட்டுப்போகும்" என்றார். தை கடைசியில் எனக்குக் கல்யாணம். மூன்று மாதம் கழித்து டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. மூன்று மாதம் காத்திருந்து டெஸ்ட் எடுத்தால் தொற்று வந்துவிட்டதா என்று தெரியும், அவ்வளவுதான். எச்ஐவி வராமல் தடுக்கும் வாய்ப்பு முதல் 72 மணி நேரத்தோடு முடிந்துவிடும். அதனால்தான் கடிதத்தைப் பார்த்தவுடன் உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். அன்று மாலையே அரசு மருத்துவமனைக்குப் போய் முதல் மாத்திரையை விழுங்கிவிட்டீர்கள். இங்கே எழுதுவது, அன்றைய அவசரத்தில் விளக்கமாகச் சொல்ல முடியாமல் போனதை உங்களுக்குச் சொல்லவும், இன்றைக்கு எங்கோ ஒரு வார்டில் இதே போல விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இன்னொருவருக்கு உதவவும். உங்கள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்த விரல். ஊசி குத்தியதும் பிதுக்குவது எல்லோருக்கும் கை தானாகச் செய்கிற வேலை. ஆனால் பிதுக்கக் கூடாது. நசுக்கும்போது அந்த இடத்தில் திசு காயப்படுகிறதே தவிர, உள்ளே போன கிருமி வெளியே வந்துவிடாது. சிலர் விரலை வாயில் வைத்துச் சப்புவார்கள், அது இன்னும் மோசம். ஸ்பிரிட், அயோடின், பிளீச்சிங் கரைசல் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். கண்ணில் ரத்தம் தெறித்திருந்தால் சோப்பு வேண்டாம், சுத்தமான தண்ணீரோ சலைனோ விட்டு நன்றாக அலச வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் அதைப் போட்டபடியே முதலில் கண்ணை அலசுங்கள், பிறகு லென்ஸைக் கழற்றி மீண்டும் ஒருமுறை அலசுங்கள்.

நீங்கள் செய்ததால் பெரிய கேடு எதுவும் வந்துவிடவில்லை. அதை நினைத்து வருந்த வேண்டாம். உங்கள் விஷயத்தில் உண்மையாகவே நஷ்டமானது, அந்த இரவும் மறுநாள் பகலும்.

பெப் என்று சொல்கிற தடுப்பு மருந்தின் கணக்கு இது: குத்திய 2 மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போனால் மிக நல்லது, 72 மணி தாண்டினால் பயனில்லை. காரணம் எளிமையானது. ஊசி வழியாக நுழைந்த எச்ஐவி உடனே உடல் முழுக்கப் பரவிவிடுவதில்லை. முதலில் அந்த இடத்திலுள்ள செல்களில் புகுந்து, பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போய், அங்கே பெருகிய பிறகுதான் ரத்தத்தில் கலக்கிறது. அந்த இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மருந்து ரத்தத்தில் இருந்தால், கிருமி பெருகாமலே அடங்கிவிடும். 1997-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஊசி குத்துப்பட்ட மருத்துவப் பணியாளர்களில் ஜிடோவுடின் என்ற ஒரே ஒரு மருந்தை எடுத்தவர்களுக்குக்கூட தொற்று அபாயம் சுமார் 81 சதவீதம் குறைந்திருந்தது. இன்று கொடுப்பது அதைவிட வலிமையான கூட்டு மருந்து: டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில். தினமும் ஒன்று, 28 நாள். நடுவில் நிறுத்தினால் அந்தப் பலனை நம்ப முடியாது. குமட்டல், தலைவலி, தூக்கம் கெடுவது இவையெல்லாம் முதல் வாரத்தில் வரலாம், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் ஜெலுசில் மாதிரியான அமில மருந்துகளும் டொலுடெக்ராவிரை உடலில் ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும். நம் பெண்களில் பாதிப் பேர் கைப்பையில் இரும்பு மாத்திரை இருக்கும். அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். எச்ஐவி மாத்திரையை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ போடுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அதன் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மருந்து எங்கே கிடைக்கும்? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இலவசமாகக் கிடைக்கும். பகலென்றால், அங்கே எச்ஐவி சிகிச்சை தருகிற ஏஆர்டி கூட்டு மருந்து மையத்துக்குப் போகலாம். ராத்திரியென்றால் நேராக கேஷுவாலிட்டி. "ஊசி குத்திவிட்டது, பெப் வேண்டும்" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். எங்கே போவதென்று குழப்பமாக இருந்தால் 1097-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை. நோயாளியின் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. முதல் மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். தேவையில்லை என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. (ஆணுறை கிழிந்துபோனாலும், பாலியல் வன்முறைக்கு ஆளானாலும் இதே மருந்து, இதே 72 மணி. வெட்கத்தில் அந்த நேரத்தை இழந்துவிடாதீர்கள்.)

இனி, நான் போனில் கேட்ட முதல் கேள்வி. நீங்கள் எச்ஐவி பற்றிப் பேசிக்கொண்டே இருந்தீர்கள், நான் "ஹெபடைடிஸ் பி ஊசி எத்தனை டோஸ் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். சற்று நேரம் பதில் வரவில்லை. பிறகு, "காலேஜில் ஒன்று போட்டார்கள் சார், அதற்கப்புறம் போடவில்லை" என்றீர்கள். எனக்கு அப்போதுதான் உண்மையாகவே கவலை வந்தது.

ஏனென்று கணக்கோடு சொல்கிறேன். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ரத்தம் வழியாகத் தொற்றிக் கல்லீரலைத் தாக்குகிற கிருமிகள். எச்ஐவி உள்ள ஒருவரின் ரத்தம் பட்ட ஊசி 1,000 பேருக்குக் குத்தினால், மருந்தே எடுக்காவிட்டாலும் சுமார் 3 பேருக்குத்தான் தொற்று வரும். ஹெபடைடிஸ் சி என்றால் பழைய கணக்குப்படி 18 பேருக்கு, பிந்தைய ஆய்வுகளில் 2 பேருக்கு. ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவர்களில் 60 முதல் 300 பேருக்கு. எச்ஐவி கிருமி உடலுக்கு வெளியே காய்ந்துபோனால் சீக்கிரம் செயலிழந்துவிடும். பி கிருமி காய்ந்த ரத்தத்தில் 7 நாள் வரை உயிரோடு இருக்கும். நம் பயம் முழுக்க எச்ஐவி மேல் குவிந்து கிடக்கிறது, அதைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றுகிற ஒன்றை யாரும் கேட்பதுகூட இல்லை. இத்தனைக்கும் மூன்றில் தடுப்பூசி இருப்பது அதற்கு மட்டும்தான்.

உங்கள் விஷயத்தில் நடந்ததும் அதுதான். அந்தப் பெரியவரிடம் நடந்ததைச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு ரத்தம் எடுத்தோம். உங்கள் நிலைமையைக் கேட்டு அவர் மிகவும் வருத்தப்பட்டார், உடனே கையை நீட்டினார். எச்ஐவி இல்லை. சி இல்லை. பி பாசிட்டிவ். தனக்கு அது இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

எச்ஐவி இல்லை என்று வந்ததாலும், அண்மையில் தொற்றியிருக்க வாய்ப்பில்லை என்று விசாரித்து உறுதி செய்துகொண்டதாலும், மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். அதற்கு முன் உங்களுக்கே பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டோம். அதைப் பார்க்காமல் நிறுத்தக் கூடாது. காரணம், டெனோஃபோவிரும் லாமிவுடினும் பி கிருமியையும் அடக்குகிற மருந்துகள். ஏற்கெனவே பி உள்ள ஒருவர் அவற்றைச் சில வாரம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி சீறிக் கிளம்பலாம்.

பிறகு இரண்டு ஊசி. ஒன்று ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின், அதாவது எதிர்ப்பொருளையே நேராக உடலுக்குள் செலுத்துவது. கிலோவுக்கு 0.06 மில்லி கணக்கில், உங்கள் 50 கிலோ எடைக்கு 3 மில்லி. 24 மணி நேரத்துக்குள் போட்டால் சிறப்பு, ஊசிக் குத்துக்கு 7 நாள் வரை போடலாம். விலை ஆயிரக்கணக்கில் ஆகும். இன்னொன்று, விட்டுப்போன தடுப்பூசி, வேறு இடத்தில். பலர் கேட்பார்கள்: நாலு வருடம் முன் ஒரு டோஸ் போட்டு நின்றுவிட்டது, மறுபடி முதலிலிருந்தா? வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

முழுசாக 3 டோஸ் போட்டவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடைசி டோஸுக்கு ஒன்று முதல் இரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருளின் அளவைக் காட்டும் ஆன்டி எச்பிஎஸ் என்ற ரத்தப் பரிசோதனை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் பாதுகாப்பு இருக்கிறது. அதன் பிறகு அளவு குறைந்தாலும் கவலையில்லை, உடல் நினைவில் வைத்திருக்கும். நூற்றில் சிலருக்கு ஊசி போட்டும் எதிர்ப்பு வராது, அவர்கள் அதைத் தெரிந்துகொண்டே வேலை பார்க்க வேண்டும். உங்களுக்கு மட்டும் இந்த டெஸ்டை இம்யூனோகுளோபுலின் போட்ட 6 மாதம் கழித்து எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் ஊசியில் ஏற்றிய எதிர்ப்பொருளைத்தான் காட்டும்.

தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி சோதனை முறையில் நுழைந்தது 2002-ல், நாடு முழுவதும் வந்தது 2011-ல். அதனால் இன்று வார்டில் வேலை செய்கிற உங்கள் வயதுக்காரர்களில் பலருக்குக் குழந்தையில் போட்டிருக்க மாட்டார்கள். "சின்ன வயதில் எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று அம்மா சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஹெபடைடிஸ் சி பற்றிச் சுருக்கமாக. அதற்குத் தடுப்பூசியும் இல்லை, குத்திய உடனே போட மருந்தும் இல்லை. ஆனால் வந்தாலும் சோஃபோஸ்புவிர், டக்லாடாஸ்விர் மாத்திரைகளில் பெரும்பாலும் 12 வாரத்தில் 100-க்கு 95 பேருக்கு மேல் முழுசாகக் குணமாகிறது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சித் திட்டத்தில் இது இலவசம். அந்தப் பெரியவரையும் அதே திட்டத்தில்தான் சேர்த்துவிட்டோம். பி உள்ள எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது, ஆனால் எல்லோருக்கும் தொடர்ந்து பரிசோதனை தேவை. அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுத்து, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடச் சொல்லியிருக்கிறோம். நீங்கள் அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கும் இது தெரிந்திருக்காது.

கல்யாணம். தள்ளிப்போட வேண்டியதில்லை. உங்களுக்கு 6-வது மாதம் பி கடைசிப் பரிசோதனை இருக்கிறது. அதுவரை ரத்த தானம் வேண்டாம். மாப்பிள்ளையிடம் சொல்வதா என்று தயங்கினீர்கள். சொல்லுங்கள் என்பதே என் கருத்து. வேலையில் கையில் ஊசி குத்திவிட்டது, தடுப்பு மருந்து போட்டிருக்கிறேன், உங்களுக்கும் ஒரு தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் ஊசி போட்டு எதிர்ப்பு வரும்வரையோ, உங்கள் 6 மாத ரிசல்ட் வரும்வரையோ ஆணுறை பயன்படுத்துங்கள். எச்ஐவி உள்ளவரின் ஊசி குத்தியவர்களுக்கு அட்டவணை வேறு: முதல் நாள், 6-வது வாரம், 3-வது மாதம், 6-வது மாதம் என்று எச்ஐவி டெஸ்ட் எடுக்க வேண்டும்.

உங்கள் இன்சார்ஜ் அக்கா பயத்தில் பேசியிருக்கிறார், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருப்பது இருவருக்கும் தெரிய வேண்டும். 2017-ம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, தொழிலில் ரத்தம் படக்கூடிய பணியாளர்களுக்குப் பாதுகாப்புப் பொருட்களும், பயிற்சியும், பெப் மருந்தும் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. அதே சட்டம்தான் நோயாளியின் சம்மதமில்லாமல் எச்ஐவி டெஸ்ட் எடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மீதி ரத்தத்தில் யாருக்கும் தெரியாமல் பார்த்துவிடுவது தவறு. 2016-ன் மருத்துவக் கழிவு விதிகளின்படி, கழிவைக் கையாளுகிற எல்லோருக்கும், துடைப்பம் பிடிக்கும் அக்கா உட்பட, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும். உங்கள் இம்யூனோகுளோபுலின் செலவை நிர்வாகத்திடம் கேளுங்கள். குத்திய தேதி, நேரம், எந்த ஊசி, எவ்வளவு ஆழம், யாரிடம் சொன்னீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த மூடி. ஏன் மூடினீர்கள் என்று கேட்டபோது, "டப்பா டியூட்டி ரூமில் இருக்கிறது சார், அதுவரை ஊசியைத் திறந்தபடி எப்படிக் கொண்டுபோவது?" என்றீர்கள். நியாயமான கேள்வி. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடவே கூடாது என்பதை எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் பயன்படுத்திய ஊசியைப் போடும் குத்துப்புகாத வெள்ளை டப்பாவும், ஊசியை வெட்டி எடுக்கும் ஹப் கட்டரும் பத்தடி தள்ளி இருக்கும்வரை, நடு ராத்திரியில் எந்தக் கையும் மூடியைத்தான் தேடும். ஆகவே நாளைக்கு மேட்ரனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: டப்பாவும் கட்டரும் ஊசி போடும் டிராலியிலேயே, கட்டிலுக்குப் பக்கத்தில் கை எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். முக்கால் டப்பா நிறைந்ததும் மாற்ற வேண்டும்.