குளிரில் நழுவும் டிரிக்கர்: எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள்

ரெமிங்டன் 700 ரைஃபிளில் டிம்னி நிறுவனத்தின் டிரிக்கரைப் பொருத்திய பிறகு, உறைபனி நாள்களில் மட்டும் போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் உலோக உருளையை) மூடும்போதே சுடும் ஊசி இறங்கிவிடுகிறது என்றும், எண்ணெய் விட்டும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் அந்த எண்ணெய்தான் காரணம். குளிரில் அது கெட்டியாகி, தூசியையும் வெடிமருந்துக் கசடையும் பிடித்துக்கொண்டு, சியர் (சுடும் ஊசியை இறங்காமல் பிடித்துவைக்கும் சிறு கொக்கி) முழுவதுமாக மேலெழுந்து தன் இடத்தில் அமராதபடி தடுக்கிறது.

முதலில் தோட்டாக்களை அகற்றி, அறையை விரலாலும் தொட்டுப் பார்த்து உறுதிசெய்த பின், போல்ட்டை வெளியே எடுத்து, இயக்கப் பகுதியை மரக்கட்டையிலிருந்து பிரித்துவிடுங்கள். சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் நாஃப்தாவை, நெருப்பில்லாத திறந்தவெளியில், டிரிக்கர் கூட்டுக்குள் தாராளமாக விட்டு, பழுப்பு நிறம் போய்த் தெளிவாக வடியும்வரை அலசுங்கள். பிறகு நன்றாக உலரவிடுங்கள். மீண்டும் எண்ணெய் வேண்டாம், டபிள்யூடி-40 போன்ற தெளிப்பு எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

உலர்ந்த பின், தோட்டா இல்லாமலே, பாதுகாப்பான திசையில் வைத்து, போல்ட்டைப் பலமுறை வேகமாக மூடிப் பாருங்கள். பின்கட்டையை ரப்பர் சுத்தியலால் தட்டியும் பாருங்கள். ஒருமுறை ஊசி இறங்கினாலும் அந்தத் துப்பாக்கியில் தோட்டா ஏற்றாமல் நேரே துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள். சியரின் பிடிப்பு அளவை மாற்றும் திருகை நீங்களே திருப்பாதீர்கள். டிரிக்கருக்குள் ஏதாவது ஒட்டியிருப்பதைச் சிறு விஷயமாக நினைக்காதீர்கள். 2014-இல் ரெமிங்டன் தன் எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிக்கர்களைத் திரும்பப் பெற்றதற்கே, தயாரிப்பின்போது உள்ளே மிகுதியாக இடப்பட்ட ஒட்டுப்பசைதான் காரணமாகச் சொல்லப்பட்டது.