ஸ்காலரில் 11, ஸ்கோப்பஸில் 6: விண்ணப்பத்தில் எதைப் போடுவது?

கேள்வி: பார்மசி கல்லூரியில் பார்மகாலஜி உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். 23 கட்டுரைகள் வந்துள்ளன. மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் எண் கூகுள் ஸ்காலரில் 11, ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் 6தான். இணைப் பேராசிரியர் பதவிக்கு எதைக் காட்டுவது? 25,000 ரூபாய் கொடுத்தால் ஸ்கோப்பஸ் கட்டுரையில் பெயர் சேர்த்து, மேற்கோள்களையும் ஏற்றித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: விளம்பரத்தில் எந்தத் தளம் என்று சொல்லியிருந்தால் அந்த எண்ணை மட்டும் போடுங்கள். சொல்லவில்லை என்றால் இரண்டையும் எழுதி, தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் சேர்த்துவிடுங்கள். வெறுமனே 11 என்று எழுதி, சரிபார்ப்பவர் ஸ்கோப்பஸில் 6ஐப் பார்த்தால் நீங்கள் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

எச்-இண்டெக்ஸ் 6 என்றால் உங்கள் கட்டுரைகளில் ஆறு, ஒவ்வொன்றும் குறைந்தது ஆறு தடவை மற்ற கட்டுரைகளில் மேற்கோள் பெற்றிருக்கின்றன என்று பொருள். ஸ்கோப்பஸ், தான் தேர்ந்தெடுத்த இதழ்களையும் நூல்களையும்தான் எண்ணும். ஸ்காலர் ஆய்வேடு, முன்அச்சு (இதழில் வருமுன் இணையத்தில் போடும் வடிவம்) என்று இணையத்தில் கிடைப்பதையெல்லாம் எண்ணும். வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கிட்டத்தட்ட பாதியாகக் குறைகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் இனிஷியலை.

ராஜேந்திரன் மகன் செந்தில்குமார் என்று வையுங்கள். ஒரு கட்டுரையில் 'செந்தில்குமார் ஆர்.', இன்னொன்றில் 'ராஜேந்திரன் எஸ்.', மூன்றாவதில் பெயரை இரண்டாக உடைத்து 'குமார் ஆர்.எஸ்.' என்று அச்சாகியிருக்கும். ஸ்கோப்பஸ் இவரை மூன்று ஆட்களாக எடுத்துக்கொள்ளும், மேற்கோள்களும் மூன்றாகப் பிரிந்து கிடக்கும். குடும்பப் பெயர் இல்லாத நமக்கு இது தீராத தலைவலி. உங்கள் பெயரை எல்லா விதமாகவும் தேடி, ஒன்றாக இணைக்கச் சொல்லி ஸ்கோப்பஸ் தளத்திலேயே கோருங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆய்வாளரை அடையாளம் காட்டும் பதினாறு இலக்க ஆர்சிட் எண்ணும் இலவசம்தான். இந்த வேலைகளுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஸ்காலரில் நேர்மாறான சிக்கல் வரும்: அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரை உங்கள் கணக்கில் ஏறியிருக்கும். விண்ணப்பிக்கும் முன் நீங்களே நீக்கிவிடுங்கள்.

அடுத்து அந்த ஏஜென்ட். அவர் எண்ணை பிளாக் செய்யுங்கள். காசுக்குப் பெயர் விற்பவர்கள் கொடுப்பது பெரும்பாலும் கட்டுரை ஆலைச் சரக்கு, அதாவது விற்பதற்கென்றே தயாரித்த போலிக் கட்டுரை. 2023இல் மட்டும் ஹிந்தாவி பதிப்பகம் இப்படிச் சந்தேகத்துக்குள்ளான கட்டுரைகள் உட்பட 8,000க்கும் மேல் திரும்பப் பெற்றது. அப்படித் திரும்பப் பெற்ற அறிவிப்பு உங்கள் பெயரோடு அங்கேயே கிடக்கும். ஏற்றிவிட்ட மேற்கோளும் மறையாது: யார் மேற்கோள் காட்டினார்கள் என்ற பட்டியலைத் திறந்தால் அதே நாலைந்து பேர் திரும்பத் திரும்ப நிற்பார்கள். ஏஜென்ட் அனுப்பும் லிங்க் நல்ல இதழின் போலித் தளமாகவும் இருக்கலாம். ஸ்கோப்பஸின் இதழ்ப் பட்டியலில் இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைப் போட்டுத் தேடி, அங்கிருந்து போங்கள். 'குளோபல் இம்பாக்ட் ஃபாக்டர்' என்று போலித் தர எண்ணைப் போட்டிருந்தால் அப்படியே மூடிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு, இதில் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். நீங்கள் எழுதிய இதழை ஸ்கோப்பஸ் பிறகு நீக்கியிருக்கலாம். இதழின் பக்கத்தில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை சேர்த்திருந்தார்கள் என்று இருக்கும். 2021 வரை என்று இருந்து, கட்டுரை 2019இல் வந்து ஏறியிருந்தால் அது பொதுவாக அங்கேயே இருக்கும், தாராளமாகக் காட்டலாம். அந்தப் பக்கத்தையும் அச்செடுத்து இணையுங்கள். ஏற்புக் கடிதம் 2021இல் வந்து கட்டுரை 2022இல்தான் வெளியானது என்றால் பெரும்பாலும் ஏறியிருக்காது. கடிதத்தை நம்பாமல் கட்டுரையின் தலைப்பைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

2025இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தான் ஏற்ற இதழ்களின் 'கேர்' பட்டியலையே கைவிட்டது. இதழின் தரத்தை இனி நிறுவனங்களே பார்க்க வேண்டும். பார்க்கத்தான் ஆளில்லை, தேர்வுக் குழுக்கள் இன்னும் எண்ணைத்தான் கேட்கின்றன. புரதத்தை அளக்கும் முறை பற்றி ஆலிவர் லௌரி குழுவினர் 1951இல் எழுதிய கட்டுரைக்கு 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள். லௌரி அப்போது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பார்மகாலஜி துறைத் தலைவர். எச்-இண்டெக்ஸ் கணக்கில் அந்த 3 லட்சமும் வெறும் ஒன்று. இந்த எண்ணை வைத்து ஒருவரை ஏற்பதும் ஒதுக்குவதும் அநியாயம். மூன்று கட்டுரைகளையாவது படியுங்கள் என்று பார்க்கும் குழுவிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

அதனால் உங்களின் சிறந்த மூன்று கட்டுரைகளுக்குக் கீழே, அதில் நீங்கள் செய்த வேலை என்ன என்று இரண்டிரண்டு வரி எழுதுங்கள். ஸ்கோப்பஸ் திருத்தம் உடனே நடக்காது, கோரிக்கையை இன்றைக்கே போட்டுவிடுங்கள். கடைசித் தேதிக்குள் முடியவில்லை என்றால் கோரிக்கை அனுப்பியதற்கான மின்னஞ்சலை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.