மாமனார் ஊரில் வராத டென்ஷன்

கேள்வி: எனக்கு 39 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். 16 வருடமாக சிகரெட் பழக்கம். நாளைக்கு ஆறு, ஏழுதான். நான்கு முறை விட்டுப் பார்த்தேன். ஷிப்மென்ட் நெருக்கடி வந்தால் டென்ஷன் தாங்காமல் மறுபடி தொட்டுவிடுகிறேன். வீட்டில் மனைவி, ஆறாவது படிக்கும் மகள் முன்னால் பிடிப்பதில்லை, மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். மாமனார் ஊருக்குப் போனால் மூன்று நாள் இருந்தாலும் தொடமாட்டேன், பெரியவர் மேல் அந்த மரியாதை எனக்கு உண்டு. எதையும் அலசி ஆராய்ந்து யோசிக்கப் பழகினால் கெட்ட பழக்கங்களை மாற்றலாம் என்கிறார் நண்பர். அதை எப்படிப் பழகுவது?

பதில்: இதே கடிதம் ஊரும் வேலையும் மாறி எத்தனையோ முறை வந்துவிட்டது. "கவலைப்படாதீர்கள், உங்களால் முடியும்" என்று ஆரம்பிக்கப் போவதில்லை. முடியும் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். எழுதியதை நீங்கள் திரும்பப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

மாமனார் ஊரில் மூன்று நாள். போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நிற்கிறேன். டென்ஷன் வந்தால் சிகரெட் இல்லாமல் தாங்காது என்பது உங்கள் வாதம். அந்த மூன்று நாளும் உங்கள் போன் ஆன் செய்துதானே இருந்தது? பையிங் ஆபீஸ் மெயில் வரவில்லையா? டையிங்கில், அதாவது துணிக்குச் சாயம் போடும் இடத்தில், ஷேடு மாறிப்போச்சு என்று யாரும் கூப்பிடவில்லையா? அப்போது தாங்கியது எது?

அலசி ஆராய்வது என்று உங்கள் நண்பர் சொன்னது இதைத்தான். நாம் சொல்லும் காரணத்துக்குப் பொருந்தாத ஒரு சம்பவத்தைத் தேடிப் பிடித்து, அந்தக் காரணத்தையே கேள்வி கேட்பது. ஆதரவான சம்பவங்களை மனம் தானாகவே எடுத்துக் கொடுக்கும்: போன மாதம் கன்டெய்னர் தவறியது, அதற்கு முந்தின மாதம் ஆடிட். எதிரான சம்பவத்தை நாம்தான் வலிந்து தேட வேண்டும். உங்களிடம் மூன்று முழு நாட்கள் இருக்கின்றன. அதை மரியாதைக் கணக்கில் எழுதி மூடி வைத்துவிட்டீர்கள்.

புகைபிடிக்கும் விமானப் பணியாளர்களை வைத்து இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. மூன்று முதல் ஐந்தரை மணி நேரப் பயணத்திலும், எட்டு முதல் பதின்மூன்று மணி நேரப் பயணத்திலும் சிகரெட் ஏக்கம் எவ்வளவு என்று அவர்களையே குறிக்கச் சொன்னார்கள். குறுகிய பயணம் முடியும் நேரத்தில் ஏக்கம் உச்சத்தில் இருந்தது. நீண்ட பயணத்தில் அதே அளவு நேரம் கடந்தபோது அவ்வளவு இல்லை. அங்கேயும் தரையிறங்கும் நேரம் நெருங்கத்தான் ஏறியது. கடைசி சிகரெட் பிடித்து எத்தனை மணி நேரம் ஆனது என்பதைவிட, அடுத்தது எப்போது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புதான் அதிகம் ஆட்டிவைத்தது. மாமனார் வீட்டில் 'இங்கே கிடையாது' என்று வாசலிலேயே முடிவாகிவிடுகிறது, மனசு பேரம் பேசுவதில்லை. கம்பெனியில் சிகரெட் விற்கும் பேக்கரி இருபதடி தூரத்தில் இருக்கிறது, காலையிலிருந்து பேரம்தான்.

அதற்காக உடம்பின் பங்கு ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. ரத்தத்தில் இருக்கும் நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய எரிச்சல் வரும், கவனம் சிதறும். அந்த நேரம் பார்த்து பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தால் பழி மெயில் மேல் விழுகிறது. போய் ஒன்று பற்றவைக்கிறீர்கள், நிகோடின் குறைந்ததால் வந்த எரிச்சல் அடங்குகிறது. டென்ஷனைக் குறைத்த பெயர் சிகரெட்டுக்குப் போய்விடுகிறது. முந்தின சிகரெட் உண்டாக்கிய குறையை அடுத்த சிகரெட் தீர்க்கிறது, அவ்வளவுதான் அங்கே நடப்பது. 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2014இல் வெளியிட்ட முடிவும் இதையே சொல்கிறது: விட்டவர்களுக்குப் பதற்றமும் மன அழுத்தமும் குறைந்தன, தொடர்ந்து பிடித்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை.

என்னை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். 14 நாள் போதும்.

முதல் வாரம் எதையும் குறைக்காதீர்கள், கணக்கு மட்டும் எடுங்கள். சில்லறையாக ஒன்று, இரண்டு என்று வாங்குவதை நிறுத்திவிட்டு பாக்கெட்டாக வாங்குங்கள். சில்லறையாக வாங்குபவருக்குத் தன் எண்ணிக்கை தெரியாது. 'ஆறு, ஏழுதான்' என்பதும் உங்கள் ஊகம்தான். பேக்கரியில் கணக்கு வைத்திருந்தால் போன மாத நோட்டை வாங்கிப் பாருங்கள். பாக்கெட்டைச் சுற்றி ஒரு துண்டுக் காகிதம், அதன் மேல் ரப்பர் பேண்ட். ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் அதைக் கழற்றி நான்கு விஷயம் எழுதுங்கள்: மணி, இடம், கூட யார், என்ன காரணம். கூடவே டென்ஷனுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்றும் போடுங்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான்: ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதுவார்கள். பிடித்து முடித்தபின் எழுதினால் எல்லாவற்றுக்கும் 'டென்ஷன்' என்றுதான் வரும். பற்றவைக்கும் முன் எழுதினால், '11.10, பேக்கரி, கட்டிங் மாஸ்டர் கூப்பிட்டார், மதிப்பெண் 2' என்று உண்மை வெளியே வரும்.

இரண்டாம் வாரம் சோதனை. மதிப்பெண் ஐந்துக்கு மேல் போகும்போதெல்லாம் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் உடனே பிடிக்கலாம், பூ விழுந்தால் 20 நிமிடம் கழித்துத்தான். இரண்டிலும் 20 நிமிடம் ஆனதும் மறுபடி மதிப்பெண் போடுங்கள். நாணயம் எதற்கு என்றால், உங்கள் இஷ்டத்துக்கு விட்டால் லேசான டென்ஷனை மட்டும் தள்ளிப்போட்டுவிட்டு, கடினமானதற்கெல்லாம் பிடித்துவிடுவீர்கள், ஒப்பிட முடியாது. வாரக் கடைசியில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிகரெட் வேண்டும் என்ற அவசரம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகத் தணியும். டையிங் யூனிட் பிரச்சினையோ, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அப்படியேதான் இருக்கும்.

பிறகு நாள் குறியுங்கள். 'இந்த ஷிப்மென்ட் முடியட்டும்' என்று சொல்லாதீர்கள். திருப்பூரில் ஷிப்மென்ட் என்றைக்கு முடிந்திருக்கிறது? காலண்டரைப் பார்த்து ஒரு தேதி, அன்றிலிருந்து ஒன்றுகூடக் கிடையாது. படிப்படியாகக் குறைக்கிறேன் என்பதும் வேண்டாம். பிரிட்டனில் 697 பேரை வைத்து நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஒரே நாளில் விட்டவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் கழித்தும் தொடவில்லை. படிப்படியாகக் குறைத்து விட்டவர்களில் 39 சதவீதம். எண்ணிக்கையைக் குறைப்பவர் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறார். 'லைட்ஸ்' என்று விற்கும் லேசான சிகரெட் பிடிப்பவர்கள் கதையும் அதுவே.

முதல் இரண்டு மூன்று நாள் கடுமையாக இருக்கும், தொல்லை இரண்டு முதல் நான்கு வாரம்வரை நீடிக்கலாம். அப்போது டீ, காபியைப் பாதியாக்குங்கள். சிகரெட் புகை, காஃபீனை உடம்பு சீக்கிரம் கரைக்கும்படி செய்கிறது. விட்டதும் அது மெதுவாகக் கரையும், அதே காபி உடம்பில் இரட்டிப்பு வேலை செய்யும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். நான்கு முறை விட்டீர்களே, அப்போது வந்த 'டென்ஷனில்' பேக்கரி டீயின் பங்கு எவ்வளவு என்று யோசித்தீர்களா?

நிகோடின் சூயிங்கம் உதவும். எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. அதைப் பபிள்கம் மாதிரி மென்று தள்ளினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரம் தட்டும்வரை மெதுவாக மென்று கன்னத்தில் ஒதுக்க வேண்டும், காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒரு சூயிங்கம் அரை மணி நேரம் வரும். மெல்லத் தொடங்குவதற்குக் கால் மணி முன்பிருந்து டீ, காபி, ஜூஸ் கூடாது, வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் உள்ளே இறங்காது. இதயக் கோளாறு இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

இனி மொட்டை மாடி. இதில் எனக்கு உங்கள் மேல் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். எப்போதோ பார்க்கும் பெரியவருக்கு மூன்று நாள் மரியாதை. தினமும் உங்களுக்காகச் சாப்பிடாமல் காத்திருக்கும் மனைவிக்கு மாடிப்படியில் நீங்கள் ஏறும் சத்தம். ஆறாவது படிக்கும் பெண்ணுக்கு அப்பா எதற்கு மேலே போகிறார் என்று தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? சட்டையில் ஒட்டிய வாசனையோடுதானே இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்காருகிறீர்கள்? மறைவாகப் பிடிப்பதை மரியாதை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாமனாருக்கு நீங்கள் தந்தது உண்மையான மரியாதை, ஏனென்றால் அங்கே பிடிக்கவே இல்லை. அதே மரியாதை உங்களை நம்பி இருக்கும் இரண்டு பேருக்கும் பாக்கி.

ரிச்சர்ட் டால் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியும் அவருடைய குழுவும் 1951 தொடங்கி 50 வருடம் அந்நாட்டு டாக்டர்களைப் பின்தொடர்ந்து, 40 வயதில் விட்டவர்கள் விடாதவர்களைவிட ஏறக்குறைய ஒன்பது வருடம் கூடுதலாக வாழ்ந்ததைக் கண்டார்கள். உங்களுக்கு 39. அந்த ஒன்பது வருடம் உங்கள் தனிச்சொத்து என்று நினைத்தால் தப்பு. மகள் படிப்பு, கல்யாணம், மனைவியின் முதுமை எல்லாம் அதற்குள் இருக்கிறது. குடும்பம் என்று ஆனபிறகு நுரையீரலில் மற்றவர்களுக்கும் பங்கு உண்டு.

ஆகவே அந்த 14 நாள் காகிதங்களையும் மனைவியிடம் கொடுங்கள், தேதியையும் அவரிடமே சொல்லுங்கள். 'எங்கே முடியப்போகுது' என்று அவர் சொல்லலாம். நான்கு முறை பார்த்தவர், சொல்ல உரிமை உண்டு. எதிர்த்துப் பேசாதீர்கள். மாடிச் சாவியை அவரிடம் தந்துவிடுங்கள். நடுவில் ஒரு நாள் தவறி ஒன்று பிடித்துவிட்டால், 'போச்சு, எல்லாம் போச்சு' என்று மீதிப் பாக்கெட்டையும் காலி செய்வதுதான் வழக்கமான வீழ்ச்சி. ஒன்று பிடித்தால் ஒன்றுதான் பிடித்திருக்கிறீர்கள். மணி, இடம், கூட யார், காரணம் எழுதி, மீதியைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அன்றைக்கு ராத்திரியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.