பேட்மின்டன் இரட்டையரில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜப்பானின் அயாகா தகாஹாஷி, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஓராண்டு முன்பே ஏன் ஓய்வு பெற்றார்?

சுருக்கமாகச் சொன்னால், கொரோனாவால் டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனது. இன்னும் ஓராண்டு தன் உடம்பும் மனசும் தாக்குப்பிடிக்கும் என்ற நம்பிக்கை இல்லை என்று 2020 ஆகஸ்டில் தகாஹாஷியே சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு வயது 30.

ஆனால் இதோடு நிறுத்தினால், சொந்த மண்ணில் நடப்பு சாம்பியனாக இறங்கும் வாய்ப்பைச் சும்மா தூக்கி எறிந்துவிட்டார் என்று தோன்றும். கேள்வியிலும் அந்த ஆதங்கம் தெரிகிறது. உண்மையில் அந்த வாய்ப்பு அவர் கையில் இருக்கவே இல்லை. அதற்கு வருவதற்கு முன் ஆளைப் பற்றிக் கொஞ்சம்.

தகாஹாஷி நாரா மாகாணத்துக்காரர். ஷட்டில் ஆடுவதற்காகவே வீட்டை விட்டு செண்டாய் நகரத்துப் பள்ளி ஒன்றில் போய்ச் சேர்ந்தார். டொகுஷிமாவிலிருந்து அதே பள்ளிக்கு ஒரு வகுப்பு பின்னால் வந்து சேர்ந்தவர் மிசாகி மட்சுடோமோ. 2007-இல் இருவரையும் ஜோடியாக ஆட விட்டார்கள். பள்ளி முடிந்ததும் இருவரும் நிஹோன் யுனிசிஸ் நிறுவன அணிக்கே போனார்கள். ஜப்பானில் பெரும்பாலான முன்னணி வீரர்கள் இப்படி ஒரு நிறுவனத்தின் ஊழியர்களாக இருந்துகொண்டுதான் ஆடுவார்கள். 13 வருடம் ஒரே கூட்டாளி என்பது இரட்டையர் ஆட்டத்தில் அபூர்வம். இரண்டு தொடர் சரியாகப் போகவில்லை என்றால் பயிற்சியாளர்கள் ஜோடியைப் பிரித்துவிடுவார்கள்.

நானும் வார இறுதியில் டபுள்ஸ் ஆடுகிறவன், அதுவும் பின்னால் நிற்கிறவன். அதனால் தகாஹாஷி மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. பெயர் எப்போதும் நெட்டில் நிற்பவருக்குத்தான். மட்சுடோமோவின் கையும் கண்ணும் அப்படி. எதிராளி அடிப்பதற்கு முன்பே பந்து வரும் இடத்தில் ராக்கெட் காத்திருக்கும். ஆனால் அப்படிக் காத்திருக்க வேண்டுமானால் பின்னாலிருந்து ஒருவர் ஸ்மாஷ் மேல் ஸ்மாஷாக இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே ஸ்மாஷில் பாயிண்ட் முடிந்துவிடாது, பெண்கள் இரட்டையரில் நிச்சயமாக முடியாது. எதிரில் இருப்பவர்கள் தூக்கித் தூக்கிப் பின்னால் போடுவார்கள். மூலைக்கு ஓடி, குதித்து, அடித்து, மறுபடி அடுத்த மூலைக்கு ஓட வேண்டும். ஏழெட்டு அடிக்குப் பிறகு எதிராளியின் பதிலடி கொஞ்சம் தளர்ந்து நெட்டுக்கு மேலே மிதக்கும். முன்னால் நிற்பவர் அதைத் தட்டிவிட்டு வருவார், கைதட்டல் அவருக்கு. தகாஹாஷி செய்தது இந்தக் கூலி வேலையைத்தான். 30 வயதில் உடம்பு முதலில் மறுப்பதும் இதற்குத்தான்.

2014 அக்டோபரில் உலகின் முதலிடம். 2016 மார்ச்சில் பேட்மின்டனின் பெரிய தொடர்களில் ஒன்றான ஆல் இங்கிலாந்து பட்டம். ஜப்பான் பெண்கள் ஜோடி அதை வென்று 38 வருடம் ஆகியிருந்தது. அப்புறம் ரியோ ஒலிம்பிக். அங்கே லீக் சுற்றில் நம்முடைய ஜுவாலா கட்டா, அஸ்வினி பொன்னப்பா ஜோடியைத் தோற்கடித்தவர்கள் இவர்கள்தான். இறுதிப் போட்டி நடந்தது 2016 ஆகஸ்ட் 18. அதே நாளில் சிந்து அரையிறுதியில் நொசோமி ஒகுஹாராவை வென்றதால் இந்தியாவில் யாருக்கும் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

எதிரே டென்மார்க்கின் கிறிஸ்டினா பெடர்சன், கமிலா ரிட்டர் யூல். இருவருமே நல்ல உயரம். மட்சுடோமோ 159 செ.மீ.தான். முதல் கேம் 18-21 என்று போனது, இரண்டாவது 21-9 என்று வந்தது. மூன்றாவதில் 16-19. இன்னும் இரண்டு பாயிண்ட் விட்டால் கதை முடிந்தது. அங்கிருந்து வரிசையாக 5 பாயிண்ட் எடுத்து 21-19. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 17-ஆவது பாயிண்ட்டை எடுத்ததும் சர்வீஸ் இவர்கள் பக்கம் வந்துவிட்டது. தொடர்ந்து ஜெயிக்கும்வரை ஒரே ஆள்தான் சர்வ் செய்ய வேண்டும் என்பது விதி. அதாவது கடைசி நான்கு பாயிண்ட்டுக்கும் ஒரே கை, உயரமான ஆட்கள் பாய்ந்து அடிக்கக் காத்திருக்கும்போது, நெட்டை உரசுகிற மாதிரி குட்டி சர்வீஸ் போட வேண்டும். கை நடுங்கினால் பந்து நெட்டில். நடுங்கவில்லை. பேட்மின்டனில் ஜப்பானுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். 1996 முதல் 2012 வரை இந்தப் பிரிவின் தங்கம் மொத்தமும் சீனாவுக்கே போயிருந்தது.

சரி, டோக்கியோவுக்கு வருவோம். ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் இரண்டு ஜோடிதான் போகலாம். ரியோவுக்குப் பிறகு ஜப்பானில் பெண்கள் இரட்டையர் அணிகள் வரிசை கட்டி நின்றன. 2018, 2019 உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி இரண்டுமே ஜப்பானுக்கும் ஜப்பானுக்கும்தான்: மாயு மட்சுமோட்டோ, வகானா நாகஹாரா ஒரு பக்கம், யூகி ஃபுகுஷிமா, சயாகா ஹிரோதா மறுபக்கம். தகாஹாஷி ஜோடி உலகின் முன்னணியில்தான் இருந்தது, ஆனால் சொந்த நாட்டில் மூன்றாவது. வேறு எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் கிடைத்திருக்கும்.

ஒலிம்பிக் தள்ளிப்போனதும் தகுதிச் சுற்று நீண்டது. காகிதத்தில் பார்த்தால் இவர்களுக்கு அது இன்னொரு வாய்ப்பு. ஆனால் அந்த வாய்ப்பைப் பிடிக்க, போட்டிகளே நடக்காத ஒரு வருடம் முழுக்கப் பயிற்சி செய்து, தன்னைவிட இளையவர்களை முந்த வேண்டும். முடியாது என்று அவர் கணித்தது என் பார்வையில் சரியான கணக்கு. இழுத்துக்கொண்டே போயிருந்தால் மட்சுடோமோவின் ஒரு வருடமும் அதோடு போயிருக்கும்.

டோக்கியோவில் அந்த இரண்டு ஜோடியும் காலிறுதியிலேயே வெளியேறியது. முழங்காலில் தசைநார் கிழிந்த ஹிரோதா, காலில் கட்டோடு ஆடித் தோற்றார். மட்சுமோட்டோவும் நாகஹாராவும் கொரிய ஜோடியிடம் மூன்றாவது கேமை 26-28 என்று விட்டார்கள். ‘தகாஹாஷி இருந்திருந்தால்...’ என்று பலர் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் இருந்திருந்தாலும் அணியில் இருந்திருப்பாரா என்பதுதான் கேள்வியே.

மட்சுடோமோ அதன்பின் கலப்பு இரட்டையருக்கு மாறி, யூகி கனெகோவுடன் 2021 ஆல் இங்கிலாந்து இறுதிவரை போனார். தகாஹாஷி 2020-இல் திருமணம் செய்துகொண்டது அதே கனெகோவைத்தான்.